மனக்கோட்டையும் மனக்கோயிலும்

தமிழில் மனத்தோடு ஒட்டிப் பிறந்த சொற்கள் ஏராளம். மனக்கணக்கு, மனப்பாடம், மனக்கண், மனக்கோட்டை, மனப்பால். மனத்தின் மறைந்த ஆற்றல்களைப் பற்றிச் சிறுவருக்குக் கதை எழுத உட்காருகிறவருக்கு இந்தச் சொற்களே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கிற ஒரு வேலையின் பெயர். கடைக்காரர் பேனையைத் தேடுவதற்குள் மீதிக் காசு எவ்வளவு என்று சொல்லிவிடும் பிள்ளை ஏதோ ஒன்றைச் செய்திருக்கிறது. என்ன செய்தது என்பது கடைக்காரருக்கும் தெரியாது, கேட்டால் பிள்ளைக்கும் சொல்லத் தெரியாது. சிறுவர் கதைக்கு வேண்டிய வியப்பு அங்கேதான் கிடக்கிறது.

இவ்வகைக் கதைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சித்து வழி: பார்வையால் பாத்திரம் நகரும், அடுத்தவர் நினைப்பு காதில் விழும், உடலை விட்டு உயிர் பறக்கும். மற்றது திறன் வழி: நினைவு, கவனம், கற்பனை, காத்திருக்கும் பொறுமை, பிறர் மனத்தைக் கணித்தல். எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வழியையே பிடிக்கிறார்கள், அதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எண்ணி.

சித்து வழிக்குத் தமிழில் நீண்ட மரபு இருக்கிறது. விக்கிரமாதித்தன் கதையில் கூடுவிட்டுக் கூடு பாய்கிறார்கள். சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்னும் இடையனின் உடலில் புகுந்து, கதறி நின்ற மாடுகளின் துயரைத் திருமூலர் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. இலங்கையின் மலையகத்தில் இந்த மரபு ஏட்டோடு நின்றுவிடவில்லை. கோடாங்கி உடுக்கடித்துக் குறி சொல்கிறார், தேசிக்காய் வெட்டுகிறார். தேயிலை ஸ்டோரின் சக்கரத்துக்கு ரோதைமுனி, கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துச்சாமி என்று வேலைக்கொரு தெய்வம் காவல் நிற்கிறது. ராகலையைச் சுற்றியுள்ள லயங்களில் பிறந்த பிள்ளை இவற்றைக் கேட்டே வளர்கிறது. பேயும் முனியும் வரும் கதை அதற்குப் புதிதல்ல. இஸ்தோப்பில் இருட்டு விழுந்த பிறகு பாட்டிமார் சொல்லும் கதைக்கு அச்சிட்ட கதை ஈடு கொடுப்பதும் கடினம்.

பழைய கதைகளிலும் சித்தைவிடச் சிந்தனையே முன்னால் நிற்கும் இடங்கள் உண்டு. 1947இல் வெளிவரத் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் பல தலைமுறைச் சிறுவர் படித்த வேதாளக் கதைகள் அதற்குச் சான்று. அரசன் தோளில் பிணம், கையில் வாள். ஓவியர் சங்கரின் அந்தப் படம் மறக்கக்கூடியதல்ல. ஆனால் படித்தவர்கள் கதையின் முடிவில் வரும் கேள்விக்காகவே காத்திருந்தார்கள். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும் என்ற மிரட்டல், யோசிப்பதையே ஆபத்தான வீரச்செயலாக்கிவிட்டது.

பூசலார் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. திருநின்றவூர்க்காரரான அவர் சிவனுக்குக் கோயில் கட்ட விரும்பிப் பொருள் தேடி அலைந்தார். ஒரு காசும் சேரவில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். சேக்கிழார் இதைச் சொல்லும் முறையை எழுத்தாளர் கூர்ந்து படிக்க வேண்டும். பூசலார் நினைத்த மாத்திரத்தில் கோயில் எழும்பி விடுவதில்லை. முதலில் பொருள் சேர்க்க வேண்டும், பிறகு தச்சரைத் தேட வேண்டும், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட வேண்டும், இரவும் கண் துயிலாமல் வேலை பார்க்க வேண்டும். சிகரம், சுதை வேலை, கிணறு, மதில், குளம் எல்லாம் வரிசைப்படி வருகின்றன, எல்லாம் மனத்துக்குள். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளையே பூசலாரும் குறித்திருந்தார். இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, நாளை மாற்று, திருநின்றவூரில் ஓர் அன்பன் கட்டிய கோயிலில் நாளை நாம் புகப்போகிறோம் என்கிறார். மன்னன் திருநின்றவூருக்கு வந்து கோயில் எங்கே என்று ஊராரைக் கேட்கிறான். அங்கே அப்படி ஒரு கோயிலே இல்லை.

கற்பனை வலிமை பெறுவது நுணுக்கத்தால் என்பதை இந்தப் பகுதியைப் போல் காட்டிய சிறுவர் பாடம் அரிது. கோயில் என்று மொத்தமாக நினைப்பது மனக்கோட்டை. கிணற்றைத் தனியாகவும் மதிலைத் தனியாகவும் நினைப்பது மனக்கோயில். இறைவன் கனவில் வரும் பகுதியைப் பக்தர்கள் ஒருவிதமாகவும் மற்றவர்கள் வேறுவிதமாகவும் படிக்கலாம். கட்டிய முறை இருவருக்கும் பொது.

தற்காலத் தமிழில் மனவியலையும் சிறுவர் கதையையும் ஒரே கையால் எழுதியவர் என்று பெ. தூரனைச் சொல்லலாம். 1908இல் பிறந்து 1987இல் மறைந்த அவர் பத்துத் தொகுதிகளில் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர். அதன் முதல் தொகுதி வந்தது 1954இல். அது முடிந்ததும் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் இன்னொரு கலைக்களஞ்சியத்தை நடத்திக் கொடுத்தார். அதற்கு முன் ஆசிரியராகப் பள்ளிப் பிள்ளைகளோடு பழகியவர். ‘குழந்தை உள்ளம்’, ‘மனமெனும் மாயக் குரங்கு’, ‘அடிமனம்’, ‘தாழ்வு மனப்பான்மை’ என்ற நூல்களில் மேல்நாட்டு மனவியலைச் சாதாரண வாசகருக்கு வீட்டுத் தமிழில் விளக்கினார். மறுபுறம் ‘மாயக் கள்ளன்’, ‘ஓலைக்கிளி’, ‘கொல்லிமலைக் குள்ளன்’ என்று சிறுவருக்குக் கதை எழுதினார்.

இந்த இரு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அடிமனம் என்ற சொல் பெரியவர்களுக்கான நூலின் அட்டையில் நிற்கிறது. சிறுவர் நூல்களின் அட்டையில் கள்ளனும் கிளியும் குள்ளனும் நிற்கிறார்கள். மனவியல் தெரிந்தவர் அதைச் சிறுவர் கதைக்குள் பாடமாகக் கொண்டுவந்து கொட்ட வேண்டியதில்லை. மனம் எப்படி வேலை செய்கிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதைக்குள் வேலை மட்டும் நடக்க வேண்டும். ‘ஆழ்மனத்தின் அளப்பரிய சக்தி’ என்று தொடங்கும் வரியில் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

பயிற்சியால் மனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கதைக்கு வெளியிலேயே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். கோட்டாற்றில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் முதுகில் பூவோ கல்லோ எறிவார், ஒருவர் மணியடிப்பார். எத்தனை முறை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, நடுவே மற்றவர் கேள்விகளுக்கும் விடை சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளையும் சதாவதானி என்று பெயர் பெற்றவர், திரு. வி. க.வுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். இந்தக் கலையை மையமாக வைத்துத் தமிழில் சிறுவர் நாவல்கள் வரிசையாக வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை என்பது வியப்புக்குரியது. முதுகில் கல் விழுவதை எண்ணிக்கொண்டே வெண்பா கட்டும் ஒரு பையனைவிடச் சுவையான கதாநாயகன் யார்?

இந்த ஆற்றல்களுக்கு எல்லை எங்கே என்பதையும் எழுத்தாளர் முன்கூட்டியே தெளிவு செய்துகொள்ள வேண்டும். மனிதர் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறார்கள், மீதி உறங்குகிறது என்ற பேச்சு மேடைகளில் இன்றும் ஒலிக்கிறது. அது பிழை. மூளையை உயிரோடு படம்பிடிக்கும் கருவிகள் வந்த பிறகு, வேலையற்றுக் கிடக்கும் ஒன்பது பங்கு எங்கும் காணப்படவில்லை. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள அந்த உறுப்பு, ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சிறு பிள்ளைகளில் இந்தப் பங்கு இன்னும் பெரிது. உறங்குகிற உறுப்புக்கு இவ்வளவு தீனி எதற்கு?

இலங்கையில் இந்த எல்லையை விடாப்பிடியாகச் சோதித்தவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்து, இந்நாட்டில் தாவரவியல் ஆசிரியராக வாழ்ந்து, 1978இல் மறைந்தார். ஏமாற்ற முடியாத ஏற்பாடுகளுக்குள் ஓர் அற்புத ஆற்றலைச் செய்து காட்டுகிறவருக்கு 1 இலட்சம் ரூபாய் என்று அறிவித்தார். அவர் காலத்தில் அந்தப் பணத்தை எவரும் பெறவில்லை. பேய் பிடித்த வீடுகளுக்கும் நேரில் போய் விசாரித்து, உள்ளே இருப்பவர்களின் மன உளைச்சலைத் தேடினார். அவருடைய குறிப்புகளிலிருந்து பிறந்த திரைப்படம் 1973இல் தமிழில் ‘மறுபிறவி’ என்ற பெயரில் வந்தது. கோவூரின் குறிப்புகளைச் சிறுவர் கதைக்கான சுரங்கம் என்றே சொல்லலாம்: மர்மம் முதலில், விசாரணை நடுவில், இறுதியில் ஒரு மனிதரின் துக்கம்.

தீமிதிப்பையும் இந்த வரிசையில் வைக்கலாம். 1935இல் இங்கிலாந்தின் சரே பகுதியில் காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸ் ஆய்வாளர் முன்னிலையில் தணலில் நடந்தார். கரியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பாதம் படிந்திருப்பதோ ஒரு நொடிக்கும் குறைவு. கால் பெரும்பாலும் தப்பிப்பதற்குக் காரணம் அதுதான். எனினும் முதல் அடியை எடுத்து வைக்கத் துணிவது தணலின் குணத்தால் நடப்பதல்ல. மாரியம்மன் திருவிழாவில் பூக்குழியின் ஓரத்தில் நிற்கும் ஒருவருடைய அந்த ஒரு கணத்தை எழுதத் தெரிந்தால், நம்பிக்கையைக் கேலி செய்யாமலும் பொய் சொல்லாமலும் ஒரு கதை எழுதிவிடலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு பார்க்கும் வித்தையாலும் பெயர் பெற்ற அதே குடா பக்ஸ்தான் ரோல்ட் டாலின் ஹென்றி சுகர் கதைக்கு விதை போட்டவர்.

டாலின் ‘மட்டில்டா’ 1988இல் வந்தது. பார்வையாலேயே பொருட்களை நகர்த்தும் சிறுமியின் கதை அது; சித்து வழியில் எழுதப்பட்டவற்றுள் மிகப் புகழ் பெற்றது. அதில் கவனிக்க வேண்டியது சித்து எங்கிருந்து வருகிறது என்பது. வகுப்பில் அவள் மூளைக்குப் போதிய வேலை இல்லை, அநீதியைப் பார்த்து அடங்காத கோபம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கண்வழியே வெளியேறுகின்றன. மேல் வகுப்புக்கு மாற்றப்பட்டுப் பாடம் கடினமானதும் அந்த ஆற்றல் மறைந்துவிடுகிறது, மட்டில்டாவும் அதற்காக அழவில்லை. மந்திரத்தை ஒரு மன நிலையின் உருவமாக வைத்ததால் கதை நிற்கிறது. சித்து வழியைத் தேர்கிறவர் இந்தக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்: ஆற்றலுக்கு ஒரு காரணம், ஒரு விலை, ஒரு முடிவு.

எந்த வயதுக்கு எழுதுவது என்பது இன்னொரு கேள்வி. 1983இல் விம்மர், பெர்னர் என்ற இருவர் வெளியிட்ட சோதனை இன்று மனவியல் மாணவர் அனைவரும் அறிந்தது. ஒரு பையன் இனிப்பை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். தாய் அதை வேறோர் அலுமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இனிப்பு உண்மையில் இருக்கும் இடத்தைக் காட்டும். தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு. நான்கைந்து வயதில்தான், அவனுக்குத் தெரியாதே என்ற அறிவு பிறக்கிறது. பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓசையில்லாமல் வந்து சேர்கிறது. ஐந்து வயதுக்கான கதை ஒளித்து வைப்பதையும் ஏமாறுவதையும் சுற்றிச் சுழன்றால் போதும், பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். எட்டு, ஒன்பது வயதில் நினைவையும் கணக்கையும் கொண்டுவரலாம். தன் மனமே தன்னை ஏமாற்றக்கூடும் என்ற கதை பன்னிரண்டுக்கு மேல்.

மலையகத்தில் எழுதுகிறவருக்குப் பொருள் காலடியில் கிடக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்ணின் விரல்கள் அதில் முதலாவது. அவள் பக்கத்து நிரையில் நிற்பவளோடு மகளின் சடங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். விரல்கள் தம் பாட்டில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்து ஒடித்து, முற்றல் இலையை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். முதல் கிழமை ஒவ்வொரு கிளையையும் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கிள்ளியவள்தான். அந்த அறிவு கண்ணிலிருந்து விரலுக்கு இறங்கியது எந்த நாளில் என்று அவளுக்கே தெரியாது. நிறுக்கும் இடத்துக்கு வருமுன்பே கூடையில் எத்தனை கிலோ என்று தோளால் சொல்லிவிடுவாள். மாசி மாதத்துக் காமன் கூத்தில் ஏட்டைப் பாராமல் இரவிரவாகப் பாடும் மாஸ்டரின் நினைவு இன்னோர் அதிசயம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் கேட்கும் நுண்ணறிவு வினாக்கள் மட்டுமே மூளை என்று நம்புகிற பெற்றோருக்கு, இவையும் மூளைதான் என்று கதை சொல்லலாம்.

ராகலைக்கே உரிய ஒரு பொருளும் உண்டு: இல்லாத ரயில். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியாக ராகலை வரை இரண்டரை அடி அகலப் பாதையில் சிறிய ரயில் ஓடியது. 1903இல் நுவரெலியாவுக்கும் அடுத்த ஆண்டு ராகலைக்கும் வந்த அது 1948இல் கைவிடப்பட்டது. அதில் ஏறிய பிள்ளைகள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். ரயிலைப் பற்றி அவர்கள் ஒருநாள் சொல்வது மறுநாள் சொல்வதோடு ஒத்துவராது. ஒருநாள் பெட்டி பச்சை, மறுநாள் சிவப்பு. நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த படமல்ல, எடுக்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்படுவது என்று 1932இலேயே மனவியலாளர் பார்ட்லெட் காட்டியிருக்கிறார். பூசலார் இல்லாத கோயிலைக் கட்டினார் என்றால், ராகலைப் பூட்டி ஒருத்தி இல்லாத ரயிலை நாள்தோறும் கட்டுகிறாள்.

இதை ஒரு கதையாக்கிப் பார்க்கலாம். ஒன்பது வயதுச் சிறுமியை அம்மா டவுன் கடைக்கு அனுப்புகிறாள். கொப்பி தீர்ந்துவிட்டது, எழுதிக்கொள்ளத் தாள் இல்லை. சீனி அரைக் கிலோ, பருப்பு கால் கிலோ, நெத்தலி நூறு கிராம், ஒரு தேங்காய், ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஒரு காட் பனடோல், பூட்டிக்கு வெற்றிலை. ஏழு சாமான்கள். ஒரே நேரத்தில் மனம் பிடித்து வைக்கக்கூடியவை ஏழும் அதன் அக்கம்பக்கமும் என்று மனவியலாளர் மில்லர் 1956இல் எழுதினார். சிறு பிள்ளைக்கு இன்னும் குறைவு. பாதி வழியில் மூன்று மறந்துவிடும். சிறுமி பூட்டி சொன்ன ரயிலை ஓட விடுகிறாள். ராகலை ஸ்டேசன் வாங்கில் சீனி மூட்டை உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், டிரைவர் கத்துகிறார். கார்ட்டின் கொடிக்குப் பதில் ஒரு நெத்தலிச் சரம். இடங்களில் பொருளை மாட்டி நினைவில் வைக்கும் இந்த உத்தியைக் கிரேக்கக் கவிஞர் சிமோனிடீஸ் கண்டதாக மரபு. சிறுமிக்கு அந்தப் பெயர் தேவையில்லை, கதைக்கும் தேவையில்லை.

இத்தகைய கதை வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது: மனம் வைத்தால் எல்லாம் முடியும் என்ற முடிவு. 1960களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் மிஷெல் நடத்திய சோதனைகளில், ஓர் இனிப்பை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று நாலைந்து வயதுப் பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. காத்திருந்தவர்கள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்ற செய்தி உலகெங்கும் பரவி, மனவுறுதியே வெற்றி என்ற பாடமாயிற்று. 2018இல் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவைக் கொண்டு மீண்டும் பார்த்தபோது, குடும்பத்தின் நிலையைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு தேய்ந்துபோனது. அதற்கு முன், 2013இல் வந்த இன்னொரு சோதனை இதைவிடக் கூர்மையானது. கொடுத்த வாக்கை முதலில் காப்பாற்றிய பெரியவருக்காகப் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள்; ஏமாற்றியவருக்காக 3 நிமிடம். காத்திருக்காத பிள்ளைக்கு மனவுறுதி குறைவு என்பதற்கில்லை. அது சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறது.

வாக்குக் கொடுத்தவர்கள் வராமல் போவதைப் பலமுறை பார்த்த தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு இந்தச் சோதனையை விளக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டுக் குடிசன, சுகாதார அளவீட்டின்படி தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 32 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 சதவீதம். மூளை கேட்கும் தீனிக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள உறவு வெளிப்படை. உன் மனத்துக்குள் எல்லாம் இருக்கிறது, தேடிக்கொள் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லும் கதை, கிடைக்காததற்கான பழியையும் சேர்த்து அதன் தலையில் வைக்கிறது. கதையில் சிறுமி தன் ஆற்றலால் சாமான்களை நினைவில் வைக்கட்டும். கொப்பி வாங்கக் காசில்லை என்பதும் கதைக்குள்ளேயே இருக்கட்டும்.

மொழியைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உரையாடலில் அப்பாயியும் அம்மாயியும் லயமும் பெரட்டும் தயக்கமின்றி வரலாம். மன ஆற்றலைக் குறிக்கும் பண்புப் பெயர்களை வெட்டிவிட்டுக் கை, கால், வாய், வாசனை ஆகியவற்றை வைத்தால் பிள்ளை தானே உள்ளே போய்விடும். எழுதியதை ஒரு பிள்ளைக்கு உரக்க வாசித்துக் காட்டி, அது எந்த இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்புகிறது என்று குறித்துக்கொள்வதைவிட நல்ல திருத்தம் வேறு கிடையாது.

முடிவுதான் கடினம். சிறுமி ஏழையும் வாங்கி வந்தால் அது விளம்பரம். எல்லாவற்றையும் மறந்தால் கதையே இல்லை. அவள் ஆறோடு வருகிறாள். வெற்றிலையைக் காணோம். கந்தப்பளைக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் அதை மாட்டி வைத்ததாக நினைவு, ஆனால் திரும்பத் திரும்ப ரயிலை ஓட்டிப் பார்த்தும் அங்கே ஒன்றும் தென்படவில்லை, வெறும் பனி. பூட்டியிடம் போய், கந்தப்பளைக்கு அங்கிட்டு என்ன இருந்தது என்று கேட்கிறாள். பூட்டி வெறும் பாக்கை மென்றுகொண்டே யோசிக்கிறாள். “யாருக்குத் தெரியும், ஆத்தா. கந்தப்பளை தாண்டுனா எனக்குத் தூக்கம் வந்திரும்.” அம்மா மறுபடியும் பையைச் சிறுமி கையில் கொடுக்கிறாள்.